உங்கள் காரும் மூச்சு விடுகிறது



கார் பெட்ரோலில் ஓடுகிறது என்று சொல்கிறோம். அது பாதி உண்மைதான். மறுபாதி காற்று. விறகு எவ்வளவு காய்ந்திருந்தாலும் காற்று இல்லாவிட்டால் அடுப்பு புகையுமே தவிர எரியாது. காரின் எஞ்சினும் ஓர் அடுப்புத்தான். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று. அதாவது 200 லிட்டர் பிடிக்கும் எண்ணெய்ப் பீப்பாய்கள் 45. தோட்டத்திலிருந்து பட்டணம் போய்த் திரும்ப ஐந்து லிட்டர் எரித்தால், உங்கள் கார் 225 பீப்பாய்க் காற்றை உள்ளே இழுத்திருக்கிறது என்று அர்த்தம்.

இவ்வளவு காற்றும் சாலையிலிருந்துதான் வருகிறது. முன்னால் போகும் லோரி கிளப்பும் புழுதி, வீடு கட்டும் இடத்துச் சிமெண்ட் தூசி, பனங்காட்டு மண்பாதையின் செம்மண் எல்லாம் அதில் கலந்தே வருகின்றன. அந்தத் தூசிக்கும் எஞ்சினுக்கும் நடுவே காவல் நிற்பது மடித்து மடித்து வைத்த ஒரு தாள். அதுதான் காற்று வடிகட்டி. பட்டறையில் 'ஏர் பில்டர்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வடிகட்டியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பால் ஸ்டோரில் ரப்பர் பாலைக் கம்பிச் சல்லடையில் ஊற்றித்தான் வடிப்பார்கள். பட்டைத் தூளும் குப்பையும் சல்லடையில் தங்கும். பால் கீழே இறங்கும். சல்லடை அடைத்துக்கொண்டால் பால் மெதுவாக இறங்கும். அப்போது குப்பையைத் தட்டிவிடுவோம், அல்லது வேறு சல்லடை வைப்போம். வேகமாக இறங்கட்டும் என்று சல்லடையைக் கிழித்துவிட மாட்டோம் அல்லவா? கார் விஷயத்தில் நம்மில் பலர் தெரியாமல் அதைத்தான் செய்கிறோம்.

தூசி அப்படி என்ன செய்துவிடும்?

அம்பாங் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க ஒரு மலையையே காட்டலாம். அம்பாங்கிற்கு வடக்கே, உலு கிள்ளானில், தாமான் மெலாவாத்திப் பக்கம் போனால் புக்கிட் தாபூர் என்னும் கூரிய மலைமுகடு தெரியும். கிள்ளான் கேட்ஸ் அணைக்குப் பக்கத்தில் நிற்கிறது. குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லால் ஆன மலைத்தொடர் அது. 14 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். உலகத்தின் மிக நீளமான குவார்ட்ஸ் முகடுகளில் ஒன்று. சுற்றியிருந்த பாறையெல்லாம் மழையிலும் வெயிலிலும் கரைந்து போன பிறகும் அது மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. அவ்வளவு கெட்டியான கல்.

அதே குவார்ட்ஸ்தான் மணல். நம் நாட்டுக் கருங்கல் பாறைகள் மக்கி மண்ணாகும்போது கடைசியில் மிஞ்சுவதும் அதுவே. 1857 தொடங்கி அம்பாங்கில் ஈயம் தோண்டினார்களே, ஈயத்தைக் கழுவி எடுத்த பின் குவிந்த வெள்ளை மணலும் பெரும்பாலும் அதுவே. தோட்டத்துச் சாலைப் புழுதியிலும் அது உண்டு. கல்லின் கெட்டித்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவையில் குவார்ட்ஸ் 7. எஞ்சின் சிலிண்டர் செய்யும் வார்ப்பிரும்பு அதைவிட மென்மையானது. மணல் இரும்பைக் கீறும்; இரும்பால் மணலைக் கீற முடியாது.

இப்போது எஞ்சினுக்குள் பாருங்கள். சிலிண்டர் என்னும் குழாய்க்குள் பிஸ்டன் நிமிடத்திற்கு இரண்டாயிரம், மூவாயிரம் தடவை ஏறி இறங்குகிறது. பிஸ்டனின் ரிங்குகளுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருப்பது எண்ணெய்ப் படலம் மட்டுமே. அது தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு கூட இராது. அந்தப் படலத்தின் அளவுக்குச் சமமான, அல்லது கொஞ்சம் பெரிய, கண்ணுக்குத் தெரியாத மணல் துகள் உள்ளே வந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போலத்தான். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பின் எஞ்சின் எண்ணெய் குறையத் தொடங்கும். பின்னால் நீலப் புகை வரும். மேட்டில் இழுவை இருக்காது. பட்டறைக்குப் போனால், "ஓவர்ஹால் பண்ணணும் அண்ணே" என்பார்கள்.

2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்யும் செலவு அந்த ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடும். சிறிய காரின் காற்று வடிகட்டிக்கோ சில பத்து வெள்ளி போதும். நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரி கொண்டு வெட்டும் நிலைக்கு ஏன் விடவேண்டும்? தோட்டத்துக் குடும்பத்திற்குக் கார் ஓர் ஆடம்பரம் அல்ல. நடு இரவில் பிள்ளைக்கு மூச்சிரைத்தால் ஆஸ்பத்திரிக்குப் போக அதுதான் வேண்டும். பட்டணத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் மகள் வீடு திரும்பவும் அதுதான் வேண்டும்.

அழுக்கைக் கண்டு பயப்படாதீர்கள்

தொடக்க காலக் கார்களுக்கு வடிகட்டியே இல்லை. 1908 முதல் 1927 வரை லட்சக்கணக்கில் விற்ற போர்டு மாடல் டி கார், சாலைக் காற்றை அப்படியே விழுங்கியது. அதன் எஞ்சின்களை அடிக்கடி பிரிக்க வேண்டியிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தில் காற்றை மோதவிட்டுத் தூசியைப் பிடிக்கும் முறை வந்தது. பழைய வோக்ஸ்வேகன் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அதன் பின்னரே இன்றைய மடிப்புத்தாள் வடிகட்டி எங்கும் பரவியது.

தாள் வடிகட்டியைப் பற்றிப் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. புத்தம் புதிய வடிகட்டியைவிட, கொஞ்சம் தூசி படிந்த வடிகட்டி தூசியை நன்றாகப் பிடிக்கும். தாளின் நுண்துளைகளில் முதலில் ஒட்டிய தூசியே பிறகு வரும் தூசியைத் தடுக்கும் இன்னொரு சல்லடை ஆகிவிடுகிறது. ஆகவே வெள்ளைத்தாள் சாம்பல் நிறமானதும் பதறி மாற்ற வேண்டியதில்லை. 'கறுத்துப் போச்சு' என்று ஒவ்வொரு தடவையும் புதியதை விற்கும் கடைக்காரருக்குத்தான் அதனால் லாபம்.

அப்படியானால் மாற்றவே வேண்டாமா? வேண்டும். தூசி மேலும் மேலும் அடைத்தால் எஞ்சினுக்கு மூச்சுத் திணறும். அதை எங்கே உணரலாம் தெரியுமா? அம்பாங்கிலிருந்து உலு லங்காட்டுக்கு மலையேறிப் போகும் சாலையில். சமதளத்தில் ஒன்றும் தெரியாத கார், அந்த ஏற்றத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது, எவ்வளவு மிதித்தாலும் தவழும்.

பெட்ரோல் செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடிகட்டியை மாற்றினால் பெட்ரோல் வெகுவாக மிச்சமாகும் என்று சொல்வார்கள். அது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. 1985 ஜூலையில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவும், 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் கார்புரேட்டர் வண்டிகள். அவற்றில் காற்று குறைந்தால் பெட்ரோல் மிகுந்துபோகும். மாற்றினால் சில விழுக்காடு மிச்சம் காணலாம். 2005இல் வந்த மைவி போன்ற கார்களில் ஒரு சிறு கணினி உள்ளே வரும் காற்றைக் கணக்கிட்டு அதற்கேற்ற பெட்ரோலை மட்டும் விடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய கார்களில் வடிகட்டி அடைத்திருந்தாலும் பெட்ரோல் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றும், வேகம் எடுப்பதில்தான் தளர்ச்சி தெரிந்தது என்றும் கண்டார்கள். ஆகவே பெட்ரோல் மிச்சத்துக்காக மாற்றுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எஞ்சினின் ஆயுளுக்காகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

ஓட்டைதான் எதிரி

அழுக்கு வடிகட்டி எஞ்சினைச் சோர்வடையச் செய்யும்; புதியதைப் போட்டால் அந்தச் சோர்வு தீர்ந்துவிடும். ஆனால் ஓட்டை வடிகட்டி எஞ்சினைத் தேய்த்துவிடும். தேய்ந்த இரும்பு திரும்ப வளராது. அந்த ஓட்டை எப்படி விழுகிறது என்று பாருங்கள்.

முதல் காரணம் காற்றுக் குழாய். டயருக்குக் காற்றடிக்கும் குழாயை வடிகட்டியின் மேல் வைத்து 'புஸ்' என்று ஊதுவது நம் பட்டறைகளில் வழக்கம். தூசி பறப்பதைப் பார்த்தால் மனத்துக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் அந்த வேகத்தில் தாளில் ஊசித்துளைகள் விழலாம். மடிப்பு ஓரத்துப் பசையும் விட்டுப்போகலாம். தூசிப் பக்கத்திலிருந்து ஊதினால் தூசி தாளுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். தரையில் மெல்லத் தட்டி, தானாக விழும் குப்பையை மட்டும் உதிர்த்தால் போதும். அதற்குமேல் அடைத்திருந்தால் ஊதுவதை விட்டுப் புதியதை வாங்குங்கள்.

இரண்டாவது காரணம் தண்ணீர். தாள் வடிகட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நனைந்து காய்ந்த தாள் பழைய தாள் அல்ல.

மூன்றாவது, சரியாக உட்காராத வடிகட்டி. வடிகட்டியின் ஓரத்தில் மெத்தென்ற ரப்பர் விளிம்பு இருக்கும். அது பெட்டியின் பள்ளத்தில் சுற்றிலும் பொருந்த வேண்டும். ஓரிடத்தில் மடிந்தாலும், ஒரு கிளிப் உடைந்திருந்தாலும், வேறு மாடல் வடிகட்டியைத் திணித்திருந்தாலும், காற்று தாளை விட்டுவிட்டு அந்த இடுக்கு வழியே தூசியோடு நுழையும். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

நான்காவது, எலி. பனங்காட்டு ஓரம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இது புதிதல்ல. வடிகட்டிப் பெட்டி இருட்டாகவும் கதகதப்பாகவும் இருப்பதால் எலி கூடு கட்டிவிடும், தாளையும் கடிக்கும். பல நாள் நிறுத்தி வைத்த வண்டியை எடுக்கும் முன் பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது.

நீங்களே பார்க்கலாம்

இதற்குப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. அண்ணன் தம்பிகள் மட்டுமல்ல, அக்கா தங்கைகளும் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம்.

எஞ்சினை நிறுத்திச் சூடு ஆறவிடுங்கள். போனட்டைத் திறந்தால், தடித்த கறுப்புக் குழாய் ஒன்று போய்ச் சேரும் பிளாஸ்டிக் பெட்டி தெரியும். பழைய கார்புரேட்டர் வண்டியில் எஞ்சின் தலைமேல் வட்டமான தட்டுப் போல இருக்கும். மூடியைச் சுற்றியுள்ள கிளிப்புகளையோ திருகுகளையோ கழற்றி, மெதுவாகத் தூக்குங்கள். குழாயில் கம்பி செருகியிருந்தால் அதை இழுக்க வேண்டாம். காற்றை அளக்கும் கருவியின் கம்பியாக இருக்கலாம். வடிகட்டி எந்தப் பக்கம் மேலாக இருந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டு, குப்பை உள்ளே சிந்தாமல் எடுங்கள்.

வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒளி பரவலாகத் தெரிந்தால் இன்னும் உழைக்கும். எங்கும் ஒளி புகாமல் அடைத்திருந்தால் மாற்றுங்கள். ஒரே ஒரு புள்ளியில் ஊசிமுனை போல ஒளி பளிச்சிட்டால் அது ஓட்டை. வடிகட்டி எவ்வளவு புதியதாக இருந்தாலும் மாற்றுங்கள். எண்ணெய் படிந்திருந்தாலும், நனைந்து உப்பியிருந்தாலும் அப்படியே.

அடுத்து முக்கியமான சோதனை. வடிகட்டியைத் தாண்டி எஞ்சினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தைச் சுத்தமான துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால், தூசி எங்கோ தப்பிப் போகிறது. வடிகட்டியின் விளிம்பு, குழாயின் வெடிப்பு, கிளிப்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பழைய கார் வாங்கப் போகிறவர்களும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே மெழுகு போட்டுப் பளபளக்கும் வண்டியின் உண்மைக் கதையை அந்தக் குழாய் சொல்லிவிடும்.

பெட்டியின் உள்ளே கிடக்கும் இலையையும் மண்ணையும் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். புதியதை அதே பக்கமாக வைத்து, ரப்பர் விளிம்பை விரலால் சுற்றிலும் அழுத்தி, கிளிப்புகளை மாட்டுங்கள். வாங்கும்போது காரின் மாடலையும் ஆண்டையும் சொல்லி வாங்குங்கள். பழையதைக் கையில் கொண்டு போனால் இன்னும் நல்லது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? காரோடு வந்த கையேட்டில் போட்டிருக்கும். பொதுவாக 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை சொல்வார்கள். அது தார்ச் சாலைக்குச் சொன்ன கணக்கு. தினமும் மண்பாதையில் ஓடும் வண்டிக்குப் பாதி தூரத்திலேயே தேவைப்படலாம். எஞ்சின் எண்ணெய் மாற்றும்போதெல்லாம் பெட்டியைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் கணக்கு வைக்கவே வேண்டாம்.

கப்சாய் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சில வண்டிகளில் நுரைப்பஞ்சு வடிகட்டி இருக்கும்; அதைக் கழுவிக் காயவைத்து, எண்ணெய் தடவிப் பிழிந்து மாட்டலாம். சிலவற்றில் எண்ணெய் ஊறிய தாள் இருக்கும். அதைக் கழுவவும் கூடாது, ஊதவும் கூடாது, மாற்றத்தான் வேண்டும். உங்களுடையது எது என்று கையேட்டைப் பாருங்கள்.

புகையும் வெள்ளமும்

புகைமூட்டக் காலத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 1997இல் கண்டோம். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரகாலமே அறிவித்தார்கள். 2013, 2015, 2019 ஆண்டுகளிலும் வந்தது. அந்தப் புகை காருக்குக் கெடுதலா என்று கேட்பார்கள். புகைத்துகள் மிகமிகச் சிறியது. அதில் ஒரு பகுதி வடிகட்டியைத் தாண்டியும் போகும். ஆனால் அது மணலைப் போல இரும்பைக் கீறுவதில்லை. புகைமூட்டத்தில் காரைவிட நம் நுரையீரலுக்குத்தான் ஆபத்து. எஞ்சினுக்கு வடிகட்டி வைத்தார்கள். நம் மூக்குக்கு முகக்கவசத்தை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். குளிர்சாதனத்துக்கு வேறொரு வடிகட்டி உண்டு. உட்கார்ந்திருப்பவர்கள் சுவாசிக்கும் காற்று அதன் வழியே வருகிறது. இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

வெள்ளம் வேறு விஷயம். 2021 டிசம்பரில் உலு லங்காட்டிலும் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் வெள்ளம் ஏறியபோது எத்தனையோ கார்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும், ஓடுகிறதா பார்க்கலாம் என்று சாவியைத் திருப்புவதுதான் பெரிய தவறு. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே ஏறினால், அதைத் தாங்கும் இரும்புத் தண்டே வளைந்துவிடும். ஆகவே முதலில் வடிகட்டிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தாள் நனைந்திருந்தால், அல்லது பெட்டிக்குள் சேறு இருந்தால், சாவியைத் தொடாமல் வண்டியை இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். அந்த ஒரு நிமிடப் பொறுமை ஓர் எஞ்சினைக் காப்பாற்றும்.

சுருக்கமாகச் சொன்னால் நிறத்தைப் பார்த்து மாற்ற வேண்டாம். காற்றடித்துக் கிழிக்க வேண்டாம். இடுக்கு விட்டு மாட்ட வேண்டாம். ஓட்டை கண்டால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், பசியாறி முடித்ததும், போனட்டைத் திறந்து அந்தப் பெட்டியை ஒரு தடவை பாருங்கள். பக்கத்தில் பிள்ளைகளையும் நிறுத்திக்கொள்ளுங்கள். நாளை கார் ஓட்டப் போகிறவர்கள் அவர்கள்தானே.

அடுத்த இதழில் காரின் பேட்டரியைப் பற்றிப் பார்ப்போம்.